பெட்டி ராட்டையில் பருத்தி நூற்கத் தொடங்குபவர்களுக்கு: பஞ்சு முதல் சிட்டம் வரை

ராட்டை வாங்கி ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, ‘நமக்கெல்லாம் இது வராது’ என்று பரணில் ஏற்றிவிடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் கையின்மேல் குற்றமில்லை. மட்டமான பஞ்சு, வழுக்கும் கயிறு, வளைந்த கதிர் (சுழன்று நூலை முறுக்கும் கம்பி), இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். பல வருடம் நூற்றவருக்கும் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ஒரு வரிசையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நூல் அறுந்தால் முதலில் பஞ்சைப் பாருங்கள், அடுத்து கயிறு, அடுத்து கதிர், கடைசியாகத்தான் கை.

இங்கே சொல்வது தரையில் வைத்துச் சுற்றும், மூடினால் பெட்டியாகிவிடும் ராட்டைக்கு. கிசான் ராட்டை போன்ற திறந்த சட்டகம் உள்ளவற்றுக்கும் நூற்கும் முறை இதேதான். பாகங்களின் இடம் மட்டும் மாறும்.

1. எந்த ராட்டை, வாங்குமுன் எதைப் பார்ப்பது

முதலில் ஒரு தக்ளி வாங்குங்கள். ராட்டையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. ஒரு மெல்லிய கம்பி, அடியில் ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். கொட்டாங்குச்சியிலோ கிண்ணத்திலோ முனையை ஊன்றிச் சுழற்றினால் முறுக்கு எப்படி ஏறுகிறது என்று கண்ணுக்கு நேரே தெரியும். ஒரு வாரம் தக்ளியில் பழகியவர்களுக்கு ராட்டையில் பாதி வேலை மிச்சம்.

அம்பர் ராட்டையை இதற்காக வாங்கிவிடாதீர்கள். அதில் பஞ்சை இழுத்து மெல்லியதாக்கும் வேலையை உருளைகள் செய்கின்றன. ஒரே நேரத்தில் பல கதிர்களில் நூல் ஓடும்; அதற்கென்று ஆலையில் தயாரித்த நீள இழை வேண்டும். உற்பத்திக்கு அது சரி. விரல் நுனியில் நூற்கக் கற்றுக்கொள்ள உதவாது. கால்மிதி வைத்த கம்பளி ராட்டையும் தொடக்கத்துக்கு ஆகாது. அது நூலைத் தானாக உள்ளே இழுக்கும், பருத்தி முறுக்கேறுவதற்குள் அறுந்துபோகும்.

பெட்டி ராட்டையைப் புதிதாக வாங்கினாலும் பழையதாக வாங்கினாலும் காசு கொடுக்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள்:

கதிரைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உருட்டுங்கள். முனை மேலும் கீழும் துள்ளினால் வளைந்திருக்கிறது. மயிரிழை வளைவு என்றாலும் விடாதீர்கள், வேறு கதிர் கேளுங்கள்.

பெரிய சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டு விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் கயிறு கழன்றுகொண்டே இருக்கும்.

கதிர் உட்காரும் இடத்தில் தேய்மானம் இருக்கிறதா பாருங்கள். கதிரைப் பிடித்து லேசாக ஆட்டினால் ‘கடகட’ என்று ஆடக் கூடாது.

சிட்டம் (நூலை வளையமாகச் சுற்றிக் கட்டிய கட்டு) சுற்றும் சட்டத்தின் கைகள் எல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பழைய ராட்டைகளில் முதலில் காணாமல் போவது இவைதான்.

கூடவே இரண்டு உபரிக் கதிர்களையும், கதிருக்கும் சக்கரத்துக்குமான கயிற்றில் உபரியாக ஒரு முழமும் கேட்டு வாங்கிவிடுங்கள். நாளைக்குத் தனியாகத் தேடி அலைவதைவிட அது மேல். சர்வோதய சங்கங்களில் விசாரித்தால் ராட்டையைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவராவது அறிமுகமாவார்.

2. பஞ்சு: இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குவது

வீட்டில் கைக்குக் கிடைக்கும் பஞ்சை எடுத்துத் தொடங்குவதுதான் முதல் தவறு.

தலையணையில் இருப்பது பெரும்பாலும் இலவம் பஞ்சு. அதன் இழை வழவழப்பானது, உள்ளே குழல்போல் வெறுமையானது, எளிதில் நொறுங்குவது. பருத்தி இழை காயும்போது இயற்கையாகவே ரிப்பன் மாதிரி முறுக்கிக்கொள்கிறது. அந்த வளைவுகள்தான் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகின்றன. இலவத்தில் அது கிடையாது. எத்தனை நாள் முயன்றாலும் உருவிக்கொண்டு வரும்.

மருந்துக்கடைப் பஞ்சும் ஆகாது. நீரை உறிஞ்சுவதற்காக மெழுகெல்லாம் போகக் காய்ச்சி வெளுத்தது. பெரும்பாலும் குட்டை இழை வேறு. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும், இழுத்தால் பொதுக்கென்று பிய்ந்து வரும்.

உங்களுக்கு வேண்டியது கொட்டை நீக்கி, கார்டிங் செய்து (இழைகளைச் சீவிச் சீராக்கி), சீராக உருட்டிய பஞ்சுத் திரி. பென்சிலைவிடச் சற்றுத் தடிமனாக, ஒரு சாண் நீளத்தில், உள்ளே இழைகள் தளர்வாக இருக்க வேண்டும். இழை நீளம் 28 முதல் 30 மில்லிமீட்டர் வரை உள்ள பருத்தி தொடக்கத்துக்குத் தோது. எம்.சி.யு. 5 என்ற பருத்தி ரகம் அந்த வகையில் வரும். கருங்கண்ணி நம் கரிசல் மண்ணின் பருத்தி, நல்ல பருத்திதான்; ஆனால் இழை குட்டை, அதிக முறுக்கு கேட்கும். கை படிந்தபின் அதற்கு வாருங்கள். சுவின் என்ற ரகத்தில் மிக நீண்ட, மிக மெல்லிய இழை. விலையும் அதிகம், பழகும்போது வீணாவதும் அதிகம்.

பஞ்சு நல்லதா என்று பார்க்க ஒரு வழி: திரியின் நுனியில் ஒரு சிட்டிகை இழையை இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். பட்டுப்போல் வழுக்கிப் பிரிந்தால் சரி. ‘டப்’ என்று மொத்தமாகப் பிய்ந்தால் இழைகள் ஒட்டிப்போயிருக்கின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் நிறையத் தெரிகின்றனவா? அவை சிக்கிய இழை முடிச்சுகள். ஒவ்வொன்றும் நூலில் ஒரு தடிப்பாக நிற்கும், உங்கள் கை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

தோட்டத்துப் பருத்தியிலிருந்து தொடங்க ஆசையென்றால் கணக்கு இது: கொட்டையோடு 3 கிலோ எடுத்தால் பஞ்சு ஏறக்குறைய 1 கிலோ தேறும். மரப்பலகையின்மேல் பருத்தியை வைத்து, விரல் தடிமனுள்ள இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை முன்னால் துள்ளி விழும். ஒரு மணிநேரம் செய்து பாருங்கள், திரியை விலைக்கு வாங்குவது எவ்வளவு மலிவு என்று புரியும். முதல் மாதத்துக்கு 250 கிராம் திரி போதும். அதில் பாதி குப்பைக்குத்தான் போகும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரிகளை அமுக்கி அடுக்காதீர்கள். அட்டைப் பெட்டியில் தளர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டிவைத்தால் நாலே நாளில் கட்டிதட்டிவிடும்.

3. ராட்டையைப் பூட்டுவது

எதையும் கழற்றுமுன் கயிறு எந்தப் பக்கம் எப்படிப் போகிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம் ஒரு மணிநேரத்தை மிச்சப்படுத்தும்.

உள்ளே இரண்டு கயிறுகள் உண்டு. தடித்தது பெரிய சக்கரத்திலிருந்து சின்னச் சக்கரத்தின் அச்சுக்கு. மெல்லியது சின்னச் சக்கரத்திலிருந்து கதிரின்மேல் உள்ள சிறு உருளைக்கு. இந்த இரட்டை ஓட்டத்தால்தான் கதிர் அத்தனை வேகமாகச் சுழல்கிறது. உங்கள் ராட்டையில் எத்தனை மடங்கு என்று ஒருமுறை கணக்கிட்டு மூடியில் எழுதி ஒட்டுங்கள், பிறகு வேண்டியிருக்கும். பெரிய சக்கரம் 24 செ.மீ., அது சுழற்றும் அச்சு 3 செ.மீ. என்றால் 8 மடங்கு. சின்னச் சக்கரம் 18 செ.மீ., கதிர் உருளை 1.5 செ.மீ. என்றால் 12 மடங்கு. 8 × 12 = 96. நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றினால் கதிர் 96 சுற்று.

கயிற்றைச் சோதிக்க, கதிரை இரு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு பெரிய சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். விரலை மீறிக் கதிர் திமிற வேண்டும். சக்கரம் பாட்டுக்குச் சுற்றி, கதிர் சும்மா இருந்தால் கயிறு வழுக்குகிறது. கயிற்றில் தேன்மெழுகை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள், போதாவிட்டால் இறுக்குங்கள். மீன்பிடி நரம்பு, நைலான் கயிறு எதுவும் வேண்டாம், வழுக்கும். பருத்திக் கயிறுதான் பிடிக்கும்.

அளவுக்கு மீறி இறுக்கினால் வேறு தொல்லை. சக்கரம் கனக்கும், தோள் வலிக்கும், பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவீர்கள். கயிற்றில் பெரிய முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த முடிச்சு கதிர் உருளையில் ஏறி இறங்கி நூலை வெடுக்கென்று இழுக்கும். இரு நுனிகளையும் பிரித்து, ஒன்றோடொன்று பின்னி, ஊசிநூலால் தைத்துவிடுங்கள்.

எண்ணெய்: தையல் மெஷின் எண்ணெய், கதிர் உட்காரும் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சொட்டு. தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து உறைந்துபோகும். விட்ட எண்ணெயைத் துணியால் ஒற்றிவிட்டுத்தான் நூற்க உட்கார வேண்டும். நூலில் ஏறிய எண்ணெய்க் கறை எளிதில் போகாது.

4. உட்காருவதும் முதல் நாளும்

சுவரில் முதுகைச் சாய்த்துச் சம்மணமிட்டு உட்காருங்கள். பெரிய சக்கரத்தின் கைப்பிடி வலக்கைக்கு, கதிரின் கூர்முனை இடப்பக்கம். இடக்கை பின்னாலும் மேலேயும் தாராளமாக நீள இடம் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, காற்றில் இழை பறந்து நூல் சீர்கெடும். அதிலும் வறண்ட நாளில் பஞ்சு முரண்டு பிடிக்கும். காலையிலோ மழை பெய்த மறுநாளோ உட்கார்ந்து பாருங்கள், அதே திரி மெத்தென்று ஓடும்.

முதல் நாள் பஞ்சைத் தொடாதீர்கள். ஆலை நூல் ஒரு முழத்தைக் கதிரில் நாலைந்து சுற்றுச் சுற்றி, வெளியே ஒரு சாண் விட்டுவையுங்கள். இதுதான் வழிநூல். வலக்கையால் சக்கரத்தைக் கடிகாரத் திசையில் மெல்லச் சுற்றிக்கொண்டே இடக்கையில் இந்த நூலைப் பிடித்துப் பாருங்கள்.

இதில் இரண்டு கோணங்களைக் கை மறக்கக் கூடாது. நூலைக் கதிரின் நீட்டத்துக்கு இணையாக, முனைக்கு முன்னால் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் முனையிலிருந்து ‘டிக், டிக்’ என்று நழுவும். நழுவும் ஒவ்வொரு முறையும் ஒரு முறுக்கு ஏறுகிறது. நூலைக் கதிருக்குக் குறுக்கே, செங்குத்தாகப் பிடித்தால் முறுக்கு ஏறாது, நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். முறுக்கேற்றச் சாய்வு, சுற்றக் குறுக்கு. இருபது நிமிடம் இது மட்டும். சக்கரத்தை வேகமாகச் சுற்ற வேண்டும் என்ற ஆசை அடங்கும்வரை.

5. இழுப்பது

வழிநூலின் நுனியை முடியெடுப்பதுபோல் கொஞ்சம் பிரித்துவிட்டு, திரியின் நுனிப் பஞ்சோடு மூன்று, நாலு செ.மீ. ஒட்டிப் பிடியுங்கள். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் முறுக்கு ஓடிவந்து பஞ்சைக் கவ்வும். இப்போது இடக்கையை மெல்லப் பின்னால் இழுங்கள். நூல் பிறக்கும்.

திரியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அப்பளத்தை உடையாமல் எடுப்பதுபோலப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் இழைகள் நகர வழியில்லாமல் பிய்யும். பழகுபவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான்: நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள், இறுக்கியதாலேயே அறுந்துவிடும். விரல் நகத்தின் கீழ் ரத்தம் வெளிறினால் பிடி அதிகம் என்று அர்த்தம்.

இழுக்கும்போது நூல் ஒரே சீராக வராது, தடித்தும் மெலிந்தும்தான் வரும். பதறாதீர்கள். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடும். மெலிந்த இடம் கெட்டிப்பட்டுவிடும், தடித்த இடம் இன்னும் தளர்வாகவே இருக்கும். ஆகவே கொஞ்சம் முறுக்கு விட்டு, சக்கரத்தை நிறுத்திவிட்டு, இடக்கையை இன்னும் ஒரு சாண் பின்னால் இழுத்தால் தளர்ந்த தடிப்புகள் மட்டும் தாமாக நீண்டு சமமாகும். கையால் நூற்பதன் சூட்சுமமே இந்த இரண்டாவது இழுப்புதான். இதற்குமுன் முறுக்கு மிகுந்துவிட்டால் தடிப்பு அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு இழுத்தால் பக்கத்தில் இருக்கும் மெலிந்த இடம்தான் அறும்.

கை முழுக்க நீண்டதும் (சுமார் 60 செ.மீ.) பஞ்சு வெளியேறாமல் விரலை லேசாக மூடிக்கொண்டு, முழு முறுக்கையும் ஏற்றுங்கள். எத்தனை சுற்று? 16 நம்பர் நூலுக்கு (நம்பர் கூடக் கூட நூல் மெலிது; கண்டுபிடிக்கும் விதம் 9-ஆம் பகுதியில்) ஓர் அங்குலத்தில் 16 முறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 60 செ.மீ. என்பது 24 அங்குலம்; 24 × 16 = 384 முறுக்கு. உங்கள் ராட்டை 96 மடங்கு என்றால் சரியாக 4 சுற்று, இழுக்கும்போது சுற்றியதையும் சேர்த்து. மூடியில் எழுதி ஒட்டிய எண் இதற்குத்தான். மனதுக்குள் எண்ணியபடியே சுற்றுங்கள். கண்மதிப்பில் விட்டால் ஒரு முழம் கம்பிபோலவும் அடுத்த முழம் பஞ்சுபோலவும் இருக்கும்.

6. பின்னுக்குத் திருப்பிச் சுற்றுவது

முறுக்கு ஏறியதும் நூல் கதிரின் முனைவரை சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அதை அவிழ்த்தால்தான் குறுக்கே சுற்ற முடியும். சக்கரத்தைப் பின்பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் திருப்புங்கள். ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பினாலே கதிர் 12 முறை பின்னால் ஓடிவிடும், அதற்குமேல் தேவையே இல்லை. நூலைத் தொய்ய விடாதீர்கள். தொய்ந்த மறுகணம் தன்மேலேயே முறுக்கிக்கொண்டு சிண்டு போட்டுவிடும்.

பிறகு இடக்கையைக் கதிருக்குக் குறுக்கே கொண்டுவந்து, முன்பக்கமாகச் சுற்றிக் கதிரில் ஏற்றுங்கள். இங்கேயும் கணக்கைப் பாருங்கள்: கதிரில் நூல் 1 செ.மீ. விட்டத்துக்குச் சேர்ந்திருந்தால் 60 செ.மீ. நூலை ஏற்ற 19 சுழற்சி போதும். பெரிய சக்கரத்தில் அது ஐந்தில் ஒரு சுற்று. பழகாதவர்கள் இந்த இடத்தில் முழுச் சுற்றுச் சுற்றிவிடுவார்கள். நூல் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அறும். ‘சுற்றும்போதுதான் அறுகிறது’ என்று சொல்பவர்கள் எல்லாரும் வலக்கையை மெதுவாக்கினால் போதும்.

நூலைக் கதிரில் உள்ள வட்டத் தகட்டையொட்டித் தொடங்கி, முனையை நோக்கிக் கூம்பாகச் சேருங்கள். அடி பருத்து முனை மெலிந்து வாழைப்பூ மாதிரி வரவேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் பிறகு பிரிக்கும்போது சரிந்து சிக்கும். தகட்டின் விளிம்பைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். கனத்த கதிர் ஆடத் தொடங்கும், ஆடினால் அறும்.

திரி முடிந்தாலும் நடுவே அறுந்தாலும் முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு தறியின் அச்சில் (இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற பாகம்) சிக்கும். அறுந்த நுனியைப் பிரித்துப் பஞ்சாக்கி, புதுத் திரியின் நுனியை அதன்மேல் மூன்று, நாலு செ.மீ. படியவைத்து, முறுக்கு கவ்வியதும் இழுங்கள். ஒட்டிய இடத்தை நன்றாகச் சுண்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

7. எது கோணல், ஏன்

நூல் இழுக்க இழுக்க மெலிந்து உருவிக்கொண்டு போகிறது என்றால் முறுக்கு போதவில்லை. இழுப்பதைக் குறைத்துச் சுற்றைக் கூட்டுங்கள். கூட்டியும் அப்படியே என்றால் கயிறு வழுக்குகிறது.

வெடுக்கென்று, முனைக்குப் பக்கத்திலேயே அறுகிறதா? கதிர் வளைந்திருக்கிறது, அல்லது முனையில் பிசிறு இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளால் முனையைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஊசிபோலக் கூராக்க வேண்டாம், கையைக் குத்தும். வேலை முடிந்ததும் முனையில் ஒரு தக்கையைச் செருகிவையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம்.

நூல் சுருண்டு சுருண்டு சிண்டு விழுகிறது: முறுக்கு மிகுதி. இழுக்கும் வேகத்தைக் கூட்டுங்கள், சக்கரத்தை அல்ல.

ஒரே இடைவெளியில் தடிப்பு வருவது கையின் தாளம். ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் விரலைத் திறந்து பஞ்சை விட்டுவிடுகிறீர்கள். இடைவெளி இல்லாமல் அங்கங்கே புள்ளி புள்ளியாக வந்தால் அது பஞ்சின் குற்றம், கையைத் திருத்திப் பயனில்லை.

திரியே பாதியில் இரண்டாகப் பிய்ந்துவிடுகிறது என்றால் உள்ளங்கை வியர்த்திருக்கிறது. கையைத் துடைத்து, விரலில் கொஞ்சம் விபூதியோ முகப் பவுடரோ தடவிக்கொள்ளுங்கள்.

8. சிட்டமாக்கி வேகவைப்பது

கதிர் நிறைந்ததும் ஒரு நாள் அப்படியே விட்டுவையுங்கள், முறுக்கு அடங்கும். பிறகு சுற்றும் சட்டத்தில் ஏற்றிச் சிட்டமாக்குங்கள். சட்டத்தின் சுற்றளவைத் துணி நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 4 அடிச் சுற்றளவு என்றால் 82 சுற்று 100 மீட்டர். சட்டத்திலிருந்து எடுக்குமுன் நாலு இடத்தில், எட்டுப் போல நூலை இரண்டு பாகமாகப் பிரித்து, தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் வேகாமல் பழுப்பாக நிற்கும். கட்டாமல் விட்டால் சிக்குப் பிடித்த தலைமுடிதான்.

100 கிராம் நூலுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் சோப்புத் துருவல். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். சோடா அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு மணிநேரம் மெல்லக் கொதிக்கட்டும். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறினால் பயப்படாதீர்கள், பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகும் பசையும் வெளியேறுகின்றன. தானாக ஆறவிட்டு, அலசி, கம்பில் மாட்டி, அடியில் லேசான ஒரு கனத்தைத் தொங்கவிட்டு நிழலில் காயவையுங்கள். வேகாத நூலில் சாயம் பிடிக்காது. முறுக்கும் நிலைக்காது.

9. நம்பர் கண்டுபிடிப்பது

0.1 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். உலர்ந்த சிட்டத்தில் 100 மீட்டரின் எடையை எடுத்து, 59-ஐ அந்த எடையால் வகுங்கள். 6 கிராம் என்றால் ஏறக்குறைய 10 நம்பர். 3 கிராம் என்றால் 20. எண் கூடக் கூட நூல் மெலிது. முதல் வாரம் 6, 8 என்று வந்தால் அது சரியான எண்தான். மெல்லியதாக நூற்பது திறமை என்று முதலிலேயே 30-க்குத் தாவாதீர்கள். ஒரே நம்பரில், ஏற்ற இறக்கமில்லாமல் ஐந்து சிட்டம் நூற்பதுதான் கடினம்.

ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு சிட்டத்துக்கும் தேதி, பஞ்சு எங்கே வாங்கியது, நீளம், எடை, நம்பர், எத்தனை முறை அறுந்தது என்று எழுதுங்கள். சிட்டத்திலும் ஒரு துண்டுச் சீட்டு கட்டுங்கள். பத்துச் சிட்டம் சேர்ந்தபின் எது எதுவென்று யாருக்கும் நினைவிருக்காது.

10. எவ்வளவு நேரம் ஆகும்

முதல் வாரத்தில் தினமும் அரைமணிநேரம் உட்கார்ந்தால், அறுந்து அறுந்து, மணிக்கு 40, 50 மீட்டர் வரும். ஒரு மாதம் விடாமல் செய்தால் 150 மீட்டரை எதிர்பார்க்கலாம். கை நன்றாகப் படிந்தவர்கள் 300-ஐத் தாண்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணிநேரம் என்பதைவிடத் தினம் இருபது நிமிடம் பலன் தரும்.

துண்டு ஒன்றுக்கான கணக்கைப் போட்டுப் பாருங்கள். 75 × 150 செ.மீ. அளவில் ஒரு துண்டு, சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால் 135 கிராம் நூல். 20 நம்பரில் ஒரு கிராம் சுமார் 34 மீட்டர், ஆக 4,600 மீட்டர். சேதாரம் சேர்த்து 5,000 என்று வையுங்கள். மணிக்கு 150 மீட்டர் என்றால் 33 மணிநேரம், நூற்க மட்டும். நெசவுக் கூலி தனி. கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செலவில் பெரியது ராட்டை, ஒருமுறைதான். அடுத்தது திரி, அது தொடர் செலவு. தராசு, எண்ணெய், உபரிக் கயிறு எல்லாம் சில்லறை. முதல் மாதம் யாரிடமாவது ராட்டையை இரவல் வாங்க முடிந்தால் அதுவே புத்திசாலித்தனம்.

11. நெசவாளரிடம் கொடுப்பது, விற்பது

ஆரம்பகால நூலைப் பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) கொடுக்காதீர்கள். பாவு நூல் தறியில் ஓயாமல் இழுபடும், அச்சில் உரசும். கஞ்சி போட்டாலும் உங்கள் மெலிந்த இடங்கள் தாங்காது. நெசவாளர் நாள்முழுக்க அறுந்ததை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும். ஆலை நூலைப் பாவாகப் போட்டு, உங்கள் நூலை ஊடையாக (குறுக்கே ஓடும் நூல்) கொடுங்கள். சொந்த நூலிலேயே பாவு வேண்டுமென்றால் இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் முறுக்கிய நூலாகக் கொடுங்கள். எதிர்த்திசை என்பது முக்கியம். அதே திசையில் முறுக்கினால் கயிறாகச் சுருண்டுகொள்ளும்.

கொடுக்குமுன் நம்பர், மொத்த நீளம் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். 8-ம் 14-ம் கலந்த சிட்டங்களை ஒரே கட்டாகக் கொடுத்தால் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும்.

வீட்டு உபயோகத்துக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம். 1956-ஆம் ஆண்டின் காதி, கிராமத் தொழில் ஆணையச் சட்டத்தின்படி கதர் என்பது இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலைக் கொண்டு இந்தியாவில் கைத்தறியில் நெய்த துணி. ஆலைப் பாவு போட்டு நெய்த துணி, ஊடை முழுக்க உங்கள் கையால் நூற்றதாகவே இருந்தாலும், அந்த வரையறைக்குள் வராது. பாவு, ஊடை இரண்டுமே கைநூலாக இருந்தாலும், காதி முத்திரை பற்றிய 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முத்திரைச் சான்று பெறாமல் ‘கதர்’, ‘காதி’ என்று பெயரிட்டு விற்கக் கூடாது. சான்றுக்கு ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். கண்காட்சியில் நாலு துண்டு வைத்து விற்பவருக்கும் இது பொருந்தும். அட்டையில் ‘கையால் நூற்ற ஊடை, ஆலைப் பாவு’ என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள்.